வேலனும் எலக்ட்ரோடும்

ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தி ஒருநாள் ராத்திரி பத்து மணிக்குமேல் போன் செய்தாள். ஷிப்ட் முடிந்து விடுதிக்குத் திரும்பியிருந்தாள். ஓராண்டாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுவதாகவும், நகரத்தில் ஒரு தனியார் மையத்தில் நியூரோஃபீட்பேக் என்று ஒரு பயிற்சிக்குச் சேர்ந்திருப்பதாகவும் சொன்னாள். அன்று நான்காவது அமர்வு.

“கால் ரெண்டும் ஈரமண்ணுல பொதைஞ்சாப்ல கனமாயிடுச்சி மேம். எடது கை விரல் நுனியெல்லாம் சுள்ளுசுள்ளுன்னுது. தாடை தானா தொங்குது. வயித்துல அடுப்புகிட்ட நிக்கிறாப்ல சூடு. அழுகைன்னு ஒண்ணும் இல்ல, ஆனா கண்ணுல தண்ணி மட்டும் வந்துட்டே இருக்கு.”

பயிற்சி கொடுத்தவரிடம் சொன்னாளாம். இயந்திரம் உடம்புக்குள் எதையும் அனுப்பாது, அதனால் அப்படி எதுவும் வர வாய்ப்பில்லை என்றாராம். அவர் நிரப்பிய தாளில் தூக்கம், பசி, மனநிலை மூன்றுக்கும் கட்டங்கள் இருந்தன. காலுக்கும் தாடைக்கும் கட்டம் இல்லை.

“நான் நடிக்கிறேனா மேம்?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு என்னால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. தமிழ் வாத்தியாருக்கு மூளை அலையைப் பற்றி என்ன தெரியும்? அதன்பிறகு படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்த இயந்திரத்தின் வரலாற்றை அதன் தொடக்கத்திலிருந்து பார்த்தால், முக்கியமான திருப்பங்கள் பலவற்றில் ஒரு பெண் தன் உடம்பில் எதையோ உணர்ந்தபடி நிற்கிறாள். பெரும்பாலும் அவளுக்குப் பெயர் இருப்பதில்லை.

பயிற்சி பார்க்க எளிமையானது. தலையில் ஒட்டுப்பசை தடவி எலக்ட்ரோடுகளை வைக்கிறார்கள். மூளையின் மேற்பரப்பிலுள்ள லட்சக்கணக்கான நரம்பணுக்கள் சேர்ந்து எழுப்பும் மிகச் சிறிய மின்னழுத்த ஏற்ற இறக்கங்களை அவை பிடிக்கின்றன. கணினி அவற்றை அலைகளாகப் பிரிக்கிறது. விரும்பிய அலை கூடும்போது திரையில் படம் தெளிவாக ஓடும், அல்லது ஒரு மணியோசை கேட்கும். குறைந்தால் படம் மங்கும். மூளை அந்தப் பரிசைத் தேடித் தன்னை மாற்றிக்கொள்ளக் கற்கும் என்பது எதிர்பார்ப்பு. மனச்சோர்வில் நெற்றிக்குப் பின்னால் இடதுபுறம் ஆல்ஃபா அலை வலதைவிடக் கூடுதலாக இருக்கிறது, அதாவது அந்தப் பக்கம் மந்தமாக இருக்கிறது என்ற கருத்தின்மேல் 1990களில் அமெரிக்காவில் இப்படிப் பயிற்சிகள் தொடங்கின. அந்த இடவல வேறுபாட்டை மனச்சோர்வின் உறுதியான அடையாளமாகக் கொள்ள முடியாது என்று பிற்கால ஆய்வுகள் பலவும் சொல்லிவிட்டன. மையங்களின் விளம்பரத்தாள்களில் அந்தப் பிற்பகுதி வருவதில்லை.

தலையில் எலக்ட்ரோடு வைக்கும் பழக்கத்தைத் தொடங்கியவர் ஜெர்மனியின் ஹன்ஸ் பெர்கர். 1890களின் தொடக்கத்தில் ராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டிச் சக்கரத்தில் மாட்டிச் சாக வேண்டியவர் நூலிழையில் தப்பினார். அன்று மாலையே அப்பாவிடமிருந்து தந்தி: நலமா? அதுவரை அவர் மகனுக்குத் தந்தி அடித்ததே இல்லை. வெகுதொலைவில் வீட்டிலிருந்த பெர்கரின் சகோதரி, தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று உடம்பும் மனமும் பதறி, அப்பாவை வற்புறுத்தித் தந்தி அடிக்க வைத்திருக்கிறாள். ஒரு மனதின் அச்சம் இன்னொரு மனதை எட்டியது எப்படி என்ற கேள்வி பெர்கரை விடவே இல்லை. கணிதமும் வானியலும் படிக்க நினைத்தவர் மருத்துவத்துக்குத் திரும்பி, 1924இல் மனித மூளையின் மின்னலையை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929இல் வெளியிட்டார். ஆல்ஃபா என்று பெயர் வைத்தவரும் அவரே.

அவர் தேடியது கிடைக்கவில்லை. மண்டையோட்டைத் தாண்டி இன்னொருவரை எட்டும் வலு அந்த அலைக்குக் கிடையாது. ஆனால் ஒரு பெண்ணின் பதற்றத்தை அளந்துபார்க்க வேண்டிய ஒன்றாக எடுத்துக்கொண்ட ஆண் என்று அவரை நினைக்கும்போது எனக்கு ஒரு கணம் மதிப்பு வந்தது. அடுத்ததைப் படித்ததும் போய்விட்டது. நாஜி ஆட்சியில், யாருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று முடிவுசெய்த ஜெனா நகரத்து மரபுநல நீதிமன்றத்தில் அவர் உறுப்பினராக இருந்தார். 1941இல், மனச்சோர்வின் நடுவே, தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

மூளை அலையை ஒருவர் தானே மாற்றிக்கொள்ள முடியுமா என்ற கேள்வி ஜோ காமியாவிடமிருந்து வந்தது. 1958 வாக்கில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் செய்த முதல் சோதனையில் படமும் இல்லை, பரிசும் இல்லை. மணியடிப்பார். இப்போது நீ ஆல்ஃபாவில் இருக்கிறாயா இல்லையா என்று கேட்பார். விடை சரியா தவறா என்று சொல்வார். சில நாட்களில் பெரும்பாலும் சரியாகவே சொல்லத் தொடங்கினார்கள். அதாவது இந்தத் துறையின் முதல் வேலையே, உள்ளே என்ன நேர்கிறது என்று உட்கார்ந்திருப்பவரைக் கேட்பதுதான். அந்தக் கேள்வி பின்னாளில் எங்கோ காணாமல் போனது. படம் ஓடுகிறதா என்று பார்த்தால் போதும் என்றானது.

அடுத்த கட்டம் பூனைகளிடம் போகிறது, அங்கிருந்து ஆலைப்புகைக்கு. 1960களில் கலிபோர்னியாவில் பாரி ஸ்டெர்மன் பூனைகளுக்குப் பாலும் குழம்பும் பரிசாகக் கொடுத்து ஒரு குறிப்பிட்ட அலையைக் கூட்டப் பழக்கிக்கொண்டிருந்தார். அதே சமயம் ராக்கெட் எரிபொருளான மோனோமெத்தில் ஹைட்ரசினின் நச்சுத்தன்மையை ஆராயும் வேலை அவரிடம் வந்தது. அதைக் கையாள்பவர்களுக்கும் விண்வெளி வீரர்களுக்கும் அதன் ஆவியால் குமட்டலும் வலிப்பும் வருமோ என்பது கவலை. பூனைகளுக்கு அதை ஊசியில் ஏற்றினார். அலைப்பயிற்சி பெற்றிருந்த பூனைகளுக்கு வலிப்பு தாமதமாக வந்தது, சிலவற்றுக்கு வரவே இல்லை. அதிலிருந்துதான் வலிப்பு நோயாளிகளுக்கு இந்தப் பயிற்சி வந்தது. முதலில் பயின்றவர் 23 வயதுப் பெண். முடிவு 1972இல் வெளியானது. நச்சைச் சுவாசிக்கும் உடம்பைப் பற்றிய கேள்வியில் பிறந்த சிகிச்சை இது. நச்சைக் குறைப்பதா, உடம்பைப் பழக்குவதா என்ற வேறொரு கேள்வியும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரகடத்தில் நின்று படிக்கும்போது அது கண்ணில் படாமல் போகாது.

என் மாணவியின் கேள்விக்கு மிக அருகில் வருவது கான்சஸ் மாநிலத்தில், டொபீகா நகரத்து மெனிஞ்சர் நிறுவனத்தில் 1960களின் நடுவே நடந்தது. எல்மர் கிரீனும் ஆலிஸ் கிரீனும் அங்கே உடல்தளர்த்தும் பயிற்சியை ஆராய்ந்தார்கள். கருவிகள் பூட்டிய நிலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு ஒற்றைத் தலைவலி. அது சட்டென்று விட்டுப்போனது. அந்த நேரத்தில் அவள் கைகளில் ரத்தம் பாய்ந்து இரண்டே நிமிடத்தில் வெப்பம் 10 டிகிரி பாரன்ஹீட் ஏறியிருந்ததைக் கருவி காட்டியது. யாரும் அதை எதிர்பார்க்கவில்லை, அவளும்கூட. கையைச் சூடாக்கப் பழகி ஒற்றைத் தலைவலியைத் தணிக்கும் சிகிச்சை அங்கிருந்துதான் பிறந்தது.

1970இல் அதே ஆய்வகத்துக்குச் சுவாமி ராமா வந்தார். ஒரே உள்ளங்கையின் இரு ஓரங்களுக்கிடையே கிட்டத்தட்ட அதே 10 டிகிரி வேறுபாட்டைக் காட்டினார். யோகியின் பெயரை உலகம் அறியும். தலைவலிக்காரப் பெண்ணின் பெயரை நான் எங்கும் பார்க்கவில்லை. அவருக்கு நேர்ந்தால் ஆற்றல், அவளுக்கு நேர்ந்தால் தற்செயல். (பின்னாளில் அந்தச் சுவாமிமீது பாலியல் அத்துமீறல் வழக்கு வந்தது. அவர் இறந்த மறு ஆண்டு, 1997இல், பென்சில்வேனியாவில் நடுவர் குழு அந்தப் பெண்ணின் பக்கம் நின்று, அவர் நிறுவிய அமைப்பு பெருந்தொகை தர வேண்டும் என்றது. உடம்பைக் கட்டுப்படுத்தும் ஆற்றலைப் பற்றிப் பேசும் புத்தகங்களில் இந்தச் செய்தியும் சேர்ந்தே இருக்க வேண்டும்.)

கிரீன் தம்பதியர் பயன்படுத்திய உடல்தளர்த்தும் முறை, ஜெர்மானியரான யோஹானஸ் ஷுல்ட்ஸ் 1932இல் வெளியிட்ட ஆட்டோஜெனிக் பயிற்சி. அதை வளர்த்த வொல்ஃப்காங் லூத்தே, பயிற்சியின்போது வரும் துடிப்பு, கூச்சம், சூடு, கனம், காரணமில்லாத கண்ணீர் ஆகியவற்றைத் தொகுத்து, உடம்பு தன்னை இறக்கிவைக்கிறது என்று ஒரு பெயர் கொடுத்தார். அவருடைய விளக்கத்தை நான் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் என் மாணவி போனில் சொன்ன பட்டியல், அவள் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே புத்தகத்தில் ஏறியிருந்தது.

இயந்திரம் எதையும் அனுப்புவதில்லை என்று பயிற்சியாளர் சொன்னது உண்மை. அந்த எலக்ட்ரோடு மின்சாரம் தருவதில்லை, பதிவுதான் செய்கிறது. அப்படியானால் சூடு எங்கிருந்து வந்தது? ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்கள் எவையும் மர்மமானவை அல்ல. பதற்றத்தில் சுருங்கியிருந்த கைகால் ரத்தக்குழாய்கள் தளரும்போது விரிகின்றன, சூடு பரவுகிறது, கனம் தெரிகிறது. கவனித்துக்கொண்டே மூச்சுவிட்டால் பலர் தம்மை அறியாமல் வேகமாக விடுகிறார்கள். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் நுனியும் உதடும் சுள்ளென்கின்றன. தூக்கத்தின் விளிம்பில் தசைகள் வெட்டி இழுக்கும். நாளெல்லாம் வேறெங்கோ இருந்த கவனம் உடம்புக்குத் திரும்பினால், முன்பே அங்கிருந்த வலியும் இப்போதுதான் வந்ததுபோலத் தோன்றும். வரும் என்று எதிர்பார்த்தாலும் சில வரும். தலைவலி, களைப்பு, தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை ஆகியவை இந்தப் பயிற்சியின் பக்கவிளைவுகளாக எழுதப்பட்டே இருக்கின்றன. வந்தால் பயிற்சியை மாற்ற வேண்டும், நிறுத்தவும் வேண்டியிருக்கும்.

இவற்றில் தாடைதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. தலையில் வைக்கும் எலக்ட்ரோடு மூளையை மட்டும் கேட்பதில்லை. பல்லைக் கடித்தால், புருவத்தைச் சுருக்கினால் எழும் தசை மின்னோட்டம் மூளை அலையைவிடப் பல மடங்கு பெரியது. அதைக் கணினி குப்பை என்று ஒதுக்கப் பார்க்கும், அந்த நேரத்தில் பரிசைத் தராது. ஆகவே பயிற்சிக்கு வந்தவர் உண்மையில் கற்றுக்கொள்வது தாடையைத் தளர்த்துவதாகவும் இருக்கலாம். ஒன்பது மணி நேரம் கன்வேயர் முன்னால் நின்று பல்லைக் கடித்தபடி பாகங்களைச் சரிபார்க்கும் பெண்ணின் தாடை அது. அவள் வாழ்க்கையில் மிக உண்மையான அந்த ஒன்று இயந்திரத்துக்குக் குறுக்கீடு.

பயிற்சி பலன் தருமா? 2017இல் அமெரிக்காவின் துல்சா நகரத்தில் கிம்பர்லி யங் குழுவினர், மாத்திரை எடுக்காத 36 மனச்சோர்வாளர்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, இனிய நினைவுகளால் அமிக்டலாவின் இயக்கத்தைக் கூட்டப் பழக்கினார்கள். தொடர்பில்லாத மூளைப்பகுதியைப் பழக்கியவர்களைவிட இவர்கள் தெளிவாகத் தேறினார்கள். அது கோடிக்கணக்கான ரூபாய் கருவி. தலையில் எலக்ட்ரோடு ஒட்டும் முறை வேறு. அதே ஆண்டு ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மானுவேல் ஷாபுஸ் குழுவினர் தூக்கமின்மைக்கு இந்த முறையைச் சோதித்தார்கள். உண்மைப் பயிற்சி பெற்றவர்களும் போலிப் பயிற்சி பெற்றவர்களும் ஒரே அளவு தேறியதாகச் சொன்னார்கள். தேறியது பொய்யில்லை, தேற்றியது அலை இல்லை என்பதே அந்த ஆய்வின் சாரம்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருத்தி இதற்குச் சிரித்திருக்கிறாள்.

வெறியாட்டு என்ற சங்க இலக்கியத் துறையை இளங்கலை மாணவிகளுக்கு ஆண்டுதோறும் நடத்துகிறேன். பெண் மெலிகிறாள், வளை கழல்கிறது, நிறம் மாறுகிறது. தாய் கவலைப்பட்டு வேலனை அழைக்கிறாள். அவன் களம் அமைத்து, மறியறுத்து, ஆடி, இது முருகு அணங்கியதால் வந்தது என்கிறான். காரணம் மலைநாட்டு ஒருவன் என்பது தோழிக்குத் தெரியும். ஐங்குறுநூற்றில் கபிலர் இதற்கென்றே வெறிப்பத்து பாடியிருக்கிறார். பெண்பாற் புலவராகக் கொள்ளப்படும் காமக்கண்ணியாருக்கோ இதைப் பாடியதாலேயே வெறிபாடிய காமக்கண்ணியார் என்று பெயர். அகநானூற்றின் 22ஆம் பாடல் அவருடையது. அதில் வெறியாட்டு நடந்த இரவில் காதலன் காவலைக் கடந்து வந்து தலைவியைத் தழுவிப் போகிறான். அவள் தேறுகிறாள். பெயர் வேலனுக்குப் போகிறது. அதை நினைத்துத்தான் அவள் சிரிக்கிறாள்.

வகுப்பில் இதை அறியாமைக்கும் காதலுக்கும் இடையிலான நகைச்சுவையாகவே நெடுநாள் நடத்திவந்தேன். ஷாபுஸைப் படித்தபிறகு வேறுவிதமாகத் தெரிகிறது. ஒரு பெண் தேறினால் எது தேற்றியது என்று முடிவுசெய்பவர் யார்? களம் அமைத்தவன் தன் களத்தைத்தான் சொல்வான். ஆடு வாங்கிக்கொடுத்த தாய்க்கும் அதை நம்புவதே வசதி. தலைவியிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு அந்தச் சடங்கில் இடமே வைக்கப்படவில்லை. அவளுடைய மெய்ப்பாடுகளைப் படிக்கத் தெரிந்தவள் தோழி ஒருத்திதான். மெய் என்ற சொல்லுக்கு உடம்பு என்றும் உண்மை என்றும் பொருள் வைத்து, மெய்ப்பாட்டுக்குத் தனி இயலே வகுத்த தொல்காப்பிய மரபில் வந்த நாம், நெஞ்சில் நிகழ்வது உடம்பில் வெளிப்படும் என்பதை வெளிநாட்டாரிடமிருந்து கற்க வேண்டியதில்லை. அதை யார் படிப்பது என்பதில்தான் தகராறு.

வேலன் ஆலைக்குள்ளும் வந்திருக்கிறான். மலேசியாவின் சுங்கைவேயில் 1970களில் அமெரிக்க எலக்ட்ரானிக்ஸ் ஆலைகள் கிராமத்து மலாய்ப் பெண்களை ஆயிரக்கணக்கில் வேலைக்கு எடுத்தன. நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண் வைத்து, தலைமயிரைவிட மெல்லிய கம்பியை இணைக்கும் வேலை. 1975இல் ஓர் ஆலையில் 40 பேருக்குப் பேய் பிடித்தது. 1978இல் மைக்ராஸ்கோப் பிரிவில் 120 பேருக்கு. அலறினார்கள், விழுந்தார்கள், மேற்பார்வையாளர்களை எதிர்த்துத் திமிறினார்கள். ஆலையை மூன்று நாள் மூடிவைத்து, போமோ என்னும் மந்திரவாதியை அழைத்து, வளாகத்திலேயே ஆடு வெட்டினார்கள். மானிடவியலாளர் ஐவா ஓங் இதை 1987இல் வெளியான தன் நூலில் ஆராய்ந்தார். மருத்துவர்கள் ஹிஸ்டீரியா என்றார்கள், அமைதி மாத்திரை கொடுத்தார்கள். நேரடியாகச் சொல்ல முடியாத எதிர்ப்பு பேயின் வாய்வழியாக வந்தது என்றார் ஓங். ஹிஸ்டீரியா என்ற சொல்லின் வேர் கிரேக்கத்தில் கருப்பை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980இல்தான் அதை நோய்ப்பட்டியலிலிருந்து எடுத்தது.

எனக்கு ஓங்கிடம் ஒரு சிறு மனத்தாங்கல் உண்டு. எதிர்ப்பு என்று படிக்கும்போதும் உடம்பு ஒரு குறியீடாக ஆகிவிடுகிறது. அந்தப் பெண்களுக்குக் கண் எரிந்தது, முதுகு வலித்தது, கரைப்பான் நெடியில் தலை சுற்றியது. பேய், ஹிஸ்டீரியா, எதிர்ப்பு என மூன்று பெயர்களும் அதைத் தாண்டிப் போய்விடுகின்றன.

ஸ்ரீபெரும்புதூரில் இதற்கு அருகில் நிற்கும் நிகழ்வுகள் இரண்டு. நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் மூடப்பட்டதற்கு இடைப்பட்ட காலம், சுற்றுவட்ட மாவட்டங்களின் பிளஸ்டூ முடித்த பெண்கள் கூட்டம் கூட்டமாக கம்பெனி பஸ் ஏறிய காலம். 2010 ஜூலையில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் தொழிலாளர்களுக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வந்து விழுந்தார்கள். சுமார் 250 பேர் பாதிக்கப்பட்டார்கள். ஆலை நிறுத்தப்பட்டது. பூச்சிமருந்து அடித்ததே காரணம் என்றது நிர்வாகம். இங்கே ஆடு வெட்டவில்லை. உடம்பு சொன்னதற்கு வெளியே ஒரு காரணம் இருந்தது.

இரண்டாவது, 2021 டிசம்பர். பூந்தமல்லிப் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்கி பாக்ஸ்கானில் வேலை செய்த பெண்களுக்குச் சாப்பாடு நஞ்சானது. 159 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்களில் சிலர் திரும்பவில்லை என்ற பேச்சு விடுதி விடுதியாகப் பரவியது. டிசம்பர் 17 ராத்திரி தொடங்கி, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பெண்கள் உட்கார்ந்தார்கள். பேச்சு வதந்தி என்று அரசு விளக்கியது, யாரும் இறந்திருக்கவில்லை. அத்துடன் வதந்தி என்ற சொல்லே செய்தியானது. ஆனால் பிறகு நடந்ததைப் பாருங்கள். சில விடுதிகளில் பெண்கள் தரையில் படுத்ததும், கழிவறையில் தண்ணீர் இல்லாததும் வெளியே வந்தன. விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12இல்தான் ஆலை மீண்டும் திறந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டதற்கு அந்த ராத்திரியும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். வதந்தியின் விவரம் தவறு. வயிறு சொன்னது சரி.

அதே 2021 டிசம்பரில்தான் டாக்டர் எம். சாரதா மேனன் காலமானார். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுபவர். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளர். 1984இல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கியவர். அதே காலத்தில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களில் ஒருவரான டி.எஸ். கனகா இருந்தார். ஆண்கள் மட்டுமே நின்ற அறுவை அரங்கில் இடம்பிடிக்க அவர் பட்ட பாடு தனிக் கட்டுரைக்கு உரியது. அவர் பங்கேற்ற குழு, கட்டுக்கடங்காத நடத்தை கொண்டவர்களின் மூளைக்குள் கருவி செலுத்தி அமிக்டலாவின் பகுதியை அழிக்கும் அறுவைகளைச் செய்து, அமைதிப்படுத்தும் அறுவை என்ற பெயரில் கட்டுரை வெளியிட்டது. குழந்தைகளும் அதில் உண்டு. துல்சாவில் இனிய நினைவால் எழுப்பப் பார்த்த அதே அமிக்டலா. கனகாவின் பெயரைப் பெருமையோடு சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. அறுவை மேசையில் கிடந்தவர்களைப் பெண் மருத்துவரால் கேட்டுவிட முடியும் என்று நாமே முடிவு கட்டிவிட முடியாது.

கேட்டுப்பார்த்த ஆய்வுகளும் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸில் ஆர். ரகுராம், மிட்செல் வைஸ் குழுவினர் நடத்தி 1996இல் வெளியிட்ட ஆய்வு, நோயாளிகள் தம் சொற்களில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டது. மனம் சோர்ந்திருக்கிறது என்று சொல்வது அவமானம், திருமணத்துக்கும் தடை. உடம்பு வலிக்கிறது என்பது யாருக்கும் வருவது. ஆகவே உடம்பைச் சொல்கிறார்கள். இது அறியாமை இல்லை, கணக்குப்போட்டுப் பேசும் பேச்சு. கோவாவில் விக்ரம் படேல் குழுவினர், வெள்ளைப்படுதல் என்று வந்த பெண்கள் பலரிடம் தொற்றைவிட மனத்துயரமும் வீட்டுக் கொடுமையும் இருந்ததைக் காட்டினார்கள். அதுவரை அந்தப் பெண்களுக்கு ஆன்டிபயாடிக்தான் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் இதையே கண்ணை மூடிப் பிடித்துக்கொண்டால் எதிர்ப்பக்கத்துக் குழியில் விழுவோம். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. களைப்பு, தலைசுற்றல், படபடப்பு, கைகால் குடைச்சல், எதிலும் ஒட்டாத மனம் எல்லாம் அதற்கும் உரியவை. தைராய்டுக்கும் உரியவை. இரவு ஷிப்டுக்கும் உரியவை.

என் மாணவியிடம் முதலில் கேட்டது, ரத்தம் எப்போது பார்த்தாய் என்று. பார்த்ததில்லை. ஓராண்டு மாத்திரை, ஆறாயிரம் ரூபாய் பயிற்சிக் கட்டணம், நூறு ரூபாய்ச் சோதனையை யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. இன்னொரு மருத்துவரிடம் போனாள். ஹீமோகுளோபின் 8.2. இரும்புச்சத்து மாத்திரை தொடங்கியது. மனச்சோர்வு மாத்திரையை நிறுத்தாதே என்றும் அந்த மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், அதை நானும் வழிமொழிந்தேன். கட்டிய பணம் வீணாகக் கூடாதென்று மீதி அமர்வுகளுக்கும் போனாள். இந்தமுறை அறைத்தோழி ஒருத்தி கூடவே போய் வெளியே காத்திருந்தாள். சிங்கப்பெருமாள்கோயில் பஸ்ஸில் திரும்பும்போது இருவரும் ஒரு பாக்கெட் வேர்க்கடலை வாங்குவார்களாம்.

ஒரு நோட்டுப் போட்டு, அமர்வு முடிந்ததும் உடம்பில் தெரிந்ததை உடனே எழிதிவை என்று சொல்லியிருந்தேன். எழுதினாள். ஆறாவது நாள்: கால் கனம், பயமில்லை. ஏழாவது: கை சூடு, பத்து நிமிடம். எட்டாவது: தாடை இறங்கியது, அப்போதுதான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அதன்பிறகு லைனிலும் நடுநடுவே தாடையைத் தொட்டுப்பார்த்துக்கொள்கிறாள்.

இப்போது தேவலை என்கிறாள். இரும்பா, மாத்திரையா, அலையா, பஸ்ஸில் கூட வந்தவளா என்று கேட்டேன். “தெரியல மேம். எல்லாத்தையும் ஒண்ணாதான செஞ்சேன்” என்றாள். அந்த மையம் தன் விளம்பரத்தாளில் போடுவதற்கு இரண்டு வரி எழுதித் தரச் சொல்லியிருக்கிறதாம். அவள் இன்னும் எழுதித் தரவில்லை.

நடிக்கிறேனா என்ற கேள்வியை மறுபடி அவள் கேட்கவில்லை. பதினோராவது நாளோடு நோட்டும் நின்றுவிட்டது. மீதிப் பக்கங்களில் விடுதிச் சீட்டுக் கணக்கு எழுதுகிறார்கள்.